ஒரு பெயரடைக்காக

அண்ணன் மகள் சென்ற மாதம் டெல்லியில் ஒரு நேர்காணலுக்குப் போய்வந்தாள். சட்டம் படித்தவள், அதிலும் பன்னாட்டு வர்த்தகச் சட்டம்தான் தனக்கு என்று மூன்றாம் ஆண்டிலேயே முடிவு கட்டிக்கொண்டவள். அது என்ன படிப்பு, படித்தால் எந்த அலுவலகத்தில் நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் காகிதங்களோடு முப்பது வருடம் மாரடித்தவன் நான் என்பதால், "உன் சித்தப்பனைக் கேள், அவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று அண்ணன் என் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். நேர்காணல் நல்லபடியாகவே போயிருக்கிறது. எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு பெரியவர், பிடித்த வர்த்தகப் பேச்சுவார்த்தையாளர் யார் என்று கேட்டாராம். இவள் பாஸ்கல் லாமி என்றாளாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்காகப் பேசி, பிறகு உலக வர்த்தக அமைப்புக்கே தலைவரானவர். "மேசைக்கு நம் பக்கம் உட்கார்ந்தவர்களில் ஒருவருமா உனக்குத் தோன்றவில்லை?" என்று பெரியவர் சிரித்தாராம். ஊருக்கு வந்தும் அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை.

"முரசொலி மாறனைச் சொல்லியிருக்கலாமே" என்றேன், இட்லியைப் பிட்டுக்கொண்டே. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவர் கட்சிக்காரர் அல்லவா, சித்தப்பா? பத்திரிகை நடத்தினவர், சினிமாவுக்கு வசனம் எழுதினவர். அவர் எப்படி இந்தப் பட்டியலில் வருவார்?" நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. சட்னி காரம் என்று சமாளித்தேன். உண்மைக் காரணம் வேறு. 2001 நவம்பரில் அந்த மனிதரைத் திருப்பூரில் நான் திட்டியதுபோல வேறு யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். திட்டியது தவறு என்று பிற்பாடு ஒருநாள் உறைத்தது. அந்த எண்ணமாவது நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக இப்படியும் அப்படியுமாகப் புரண்டுகொண்டிருக்கும் விஷயம் இது. எழுதிப் பார்த்தாலாவது ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்க்கிறேன்.

கோட்டாக் காலத்துக் கோபம்

இன்று பனியன் தொழிலுக்கு வரும் பையன்கள் கோட்டா என்றால் கல்லூரி இட ஒதுக்கீடு என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு அது சோறு. ஐரோப்பாவுக்கு டி-ஷர்ட் அனுப்ப வேண்டுமென்றால் 4-ஆம் வகை, அமெரிக்காவுக்கென்றால் 338/339. இந்தியா மொத்தமும் சேர்ந்து வருடத்துக்கு இத்தனை உருப்படிதான் அனுப்பலாம் என்று அவர்கள் கோடு கிழித்திருப்பார்கள்; அந்தக் கோட்டுக்குள் நமக்கு ஒரு கைப்பிடி இருந்தால்தான் கப்பல் ஏறும். கைப்பிடி இல்லாதவன், வைத்திருப்பவனிடம் விலைக்கு வாங்குவான். ஆண்டு முடியும் மாதங்களில் குமரன் சாலை டீக்கடைகளில் நூல் விலைக்கு முன்னால் கோட்டா விலையைத்தான் விசாரிப்பார்கள். துணி நெய்து, சாயம் போட்டு, தைத்து, அயர்ன் செய்து அட்டைப்பெட்டியில் அடைத்தவனுக்குக் கிடைக்காத லாபம், வெறும் காகிதத்தை வைத்திருந்தவனுக்குக் கிடைத்த வருடங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலாளி ஒருமுறை தறியைக் காட்டி, "தம்பி, இதை எடைக்குப் போட்டுவிட்டு ஒரு பீரோ வாங்கி வைத்தால் போதும்போல இருக்கிறது" என்றார்.

இதற்கு ஒரு முடிவு 1995-இலேயே எழுதப்பட்டிருந்தது. உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது, பத்து ஆண்டுகளில் கோட்டா முழுவதையும் ஒழிப்பதாகப் பணக்கார நாடுகள் கையெழுத்திட்டன. உடனே 16 சதவீதம், 1998-இல் 17, 2002-இல் 18, மீதி 49 சதவீதம் 2005 ஜனவரி 1-இல். பாதிக் கடனைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போட்ட இந்தக் கணக்கைப் பார்த்தாலே கந்துவட்டிக்காரனுக்கும் சிரிப்பு வரும். அதைவிடச் சாமர்த்தியம் ஒன்று இருந்தது. எந்தச் சரக்கை எந்தக் கட்டத்தில் விடுவிப்பது என்பதை வாங்கும் நாடே தீர்மானிக்கலாம். ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியலில் பாராசூட், குடை, கார் சீட் பெல்ட், கைக்கடிகார நார்ப்பட்டை எல்லாம் "ஜவுளி" என்ற தலைப்பில் இருந்தன. முதல் கட்டங்களில் அவர்கள் விடுவித்தவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே கோட்டாவே இல்லாத சரக்குகள். டி-ஷர்ட் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆகவே, 2001 நவம்பரில் கத்தார் நாட்டின் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு கூடியபோது எங்களுக்கு இருந்தது ஒரே எதிர்பார்ப்பு. நம் ஊர்க்காரர் ஒருவர் வர்த்தக அமைச்சர்; போகிறார், கோட்டா வளர்ச்சி விகிதத்தையாவது கூட்டிக்கொண்டு வருவார். செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்க ஆர்டர்கள் தள்ளிப்போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் பத்திரிகையைத் திறந்தால் மாறன் முதலீடு என்கிறார், போட்டிக் கொள்கை என்கிறார், அரசுக் கொள்முதல் என்கிறார். இதற்கெல்லாம் பேச்சுவார்த்தையே கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். 142 நாடுகளில் 141 ஒரு பக்கம், இந்தியா ஒரு பக்கம் என்று செய்தி. கடைசியில் ஜவுளிக்குக் கிடைத்தது ஒரு வாக்குறுதி: சரக்கு வர்த்தகக் குழு பரிசீலித்து 2002 ஜூலை 31-க்குள் பரிந்துரை சொல்லும். அந்தத் தேதி வந்தது, போனது, பரிந்துரை வரவில்லை. "வீட்டுக்கு அரிசி வாங்கி வரச் சொன்னால், பக்கத்துத் தெருச் சண்டையில் மத்தியஸ்தம் பேசிவிட்டு வெறும் பையோடு வருகிறார்" என்று நான் அலுவலகத்தில் அடித்த கிண்டல் அந்த வாரம் நாலைந்து கம்பெனிகளைச் சுற்றி என் காதுக்கே திரும்பி வந்தது. பெருமையாகத்தான் இருந்தது அப்போது.

ஏப்ரலில் ஒரு பெயர், நவம்பரில் ஒரு பெயர்

வர்த்தகப் பேச்சுவார்த்தை என்பதற்கு ஒரு வழக்கமான பாதை உண்டு. லாமியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸின் உயர் அதிகாரிகளை வார்க்கும் பள்ளியில் படித்தவர். ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் டெலோருக்குப் பல ஆண்டுகள் வலதுகரமாக இருந்தவர். அமெரிக்கத் தரப்பில் ராபர்ட் ஜோயெலிக்; கருவூலத் துறை, வெளியுறவுத் துறை என்று இருந்து ஜெர்மனி இணைப்புப் பேச்சுகளில் புடம்போடப்பட்டவர். இருவரும் பத்து வருடமாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள், இருவரும் நெடுந்தூர ஓட்டக்காரர்கள். தூக்கமில்லாத மூன்று இரவுகள் அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. எதிரில் உட்கார்ந்த மாறனுக்கு வயது 67, இதய நோய் உள்ளவர். அதே ஆண்டு ஜூன் 30 நள்ளிரவில் சென்னையில் கருணாநிதி கைதானபோது என்ன நடந்தது, அதில் அவர் எப்படி மருத்துவமனைக்குப் போனார் என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அதற்கு நாலரை மாதம் கழித்துத்தான் தோஹா.

அவருடைய பாதையில் வர்த்தகமே இல்லை. திருக்குவளையில் பிறந்து, பத்திரிகை, மேடை, திரைக்கதை என்று வந்தவர். 1967-இல் அண்ணா முதல்வரானதால் காலியான தென்சென்னைத் தொகுதியில் நின்று நாடாளுமன்றம் போனவர். 1989-இல் நகர்ப்புற வளர்ச்சி, 1996-இல் தொழில்துறை, 1999 அக்டோபரில் வர்த்தகமும் தொழிலும். பதவியேற்று ஏழு வாரம்கூட ஆகவில்லை, அமெரிக்காவின் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு. தெருவில் கண்ணீர்ப்புகை, உள்ளே குழப்பம், ஒன்றும் முடிவாகாமல் கலைந்தது. ஒரு பேச்சுவார்த்தையாளருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்று இப்போது தோன்றுகிறது. பெரிய நாடுகள் நினைத்தால் எதையும் நடத்திவிடும் என்ற பயம் முதல் நாளிலேயே போய்விடும் அல்லவா?

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் அன்று யோசிக்கவே இல்லை. அவர் வர்த்தகத்துக்கு எதிரி அல்ல. சீனாவைப் பார்த்துவிட்டு வந்து 2000-இல் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் என்ற யோசனையைக் கொண்டுவந்தவர் அவர். அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா தோற்றதையொட்டி, இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளில் கடைசி 715 பொருள்களையும் 2001 ஏப்ரல் 1 முதல் திறந்துவிட்டவரும் அவர்தான். விவசாயிகள் சங்கங்கள் அப்போது அவரை நாட்டை விற்றவர் என்றன. அவர் 300 பொருள்களின் வரத்தைக் கண்காணிக்க ஒரு 'போர் அறை' அமைத்திருப்பதாகச் சமாதானம் சொன்னார். அதே வருடம் நவம்பரில் ஆங்கிலப் பத்திரிகைகள் அவரை உலகம் போகும் வழியில் குறுக்கே விழுந்தவர் என்றன. ஏழு மாதத்துக்குள் ஒரே ஆளுக்கு விற்றவர் என்றும் விடாதவர் என்றும் இரண்டு பட்டம். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது சம்பளத்தோடு சேர்ந்து வருவது போலிருக்கிறது. அண்ணன் மகளிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

விடுபட்ட சொல்

என் கருத்து புரண்ட இடத்துக்கு வருகிறேன். அதற்கு என் சொந்தக் கேவலம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1997 என்று நினைவு. ஜெர்மனிக்கு ஒரு சரக்கு. வாங்குபவரின் கடன் கடிதத்தில், நாங்கள் எல்.சி. என்போம், சரக்கின் விவரம் 'மென்ஸ் டி-ஷர்ட்ஸ்' என்று இருந்தது. நான் இன்வாய்ஸில் 'ஜென்ட்ஸ் டி-ஷர்ட்ஸ்' என்று அடித்துவிட்டேன். பழக்க தோஷம், உள்ளூர்க் கடையில் அப்படித்தானே சொல்வோம். வங்கி 'டிஸ்க்ரிபன்சி' என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டது. ஆண்கள் போடும் பனியன் இரண்டும் ஒன்றுதானே என்று மேலாளரிடம் வாதாடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாங்கள் சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்ப்போம்" என்றார். அங்கே விலை இறங்கியிருந்தது; வாங்குபவர் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 8 சதவீதம் தள்ளுபடி கேட்டார், கொடுத்தோம். முதலாளி என்னைத் திட்டவில்லை. அடுத்த நாள் ஒரு மர அடிக்கோலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வரிக்குக் கீழே அதை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்திப் படிக்க வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கோல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

2003 செப்டம்பரில், மெக்சிகோவின் கான்குன் நகரில் அடுத்த மாநாடு உடைந்துபோனது. எதனால் உடைந்தது என்று படித்தால், தோஹாவில் மாறன் அடம்பிடித்த அதே நான்கு விஷயங்கள். 1996-இல் சிங்கப்பூர் மாநாட்டில் முளைத்ததால் அவற்றுக்குச் சிங்கப்பூர் விவகாரங்கள் என்று பெயர்: முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதலில் ஒளிவுமறைவின்மை, வர்த்தக நடைமுறைகளை எளிதாக்குதல். எனக்கு என்னவோ குறுகுறுத்தது. பிரவுசிங் சென்டருக்குப் போய் தோஹா பிரகடனத்தை அச்செடுத்தேன். 52 பத்திகள். வீட்டுக்கு வந்து கோலை வைத்துப் படித்தேன். 20-ஆம் பத்தி முதலீடு பற்றியது. கான்குன் மாநாட்டுக்குப் பிறகு பேச்சுவார்த்தை நடக்கும். எந்த வழிமுறையில் நடத்துவது என்று அங்கே எடுக்கப்படும் முடிவின் அடிப்படையில் நடக்கும். அந்த முடிவு 'வெளிப்படையான கருத்தொற்றுமை'யால் எடுக்கப்பட வேண்டும். கோல் அந்த இடத்தில் நின்றது. கருத்தொற்றுமை என்றாலே போதாதா? அதற்கு முன்னால் 'எக்ஸ்பிளிசிட்' என்று ஒரு பெயரடை எதற்கு?

இதற்கு விடை அந்த அமைப்பின் சாசனத்தில், 9-ஆம் பிரிவுக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு அடிக்குறிப்பாக இருக்கிறது. கூட்டத்தில் இருக்கும் எந்த நாடும் முறைப்படி எழுந்து மறுக்காவிட்டால், எல்லோரும் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். நம்மூர்ப் பெண் பார்க்கும் சடங்கில் பெரியவர்கள் சொல்வார்களே, மௌனம் சம்மதம் என்று, அதேதான். உலக வர்த்தகம் முழுவதும் இந்தப் பழமொழியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சின்ன நாடு ஒன்று தயங்கி வாயை மூடிக்கொண்டிருந்தால், தலைவர் சுத்தியலைத் தட்டுவார், கதை முடிந்தது. 'வெளிப்படையான' என்ற சொல் உள்ளே வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. இனி மௌனம் சம்மதமில்லை. வாய் திறந்து சரி என்றால்தான் சரி.

அந்தச் சொல் புதிதும் அல்ல. 1996 சிங்கப்பூர் பிரகடனத்தில் இருந்தது: இவற்றில் முதலீடு, போட்டிக் கொள்கை இரண்டையும் பற்றி எதிர்காலத்தில் பேச்சுவார்த்தை ஏதும் நடப்பதானால், வெளிப்படையான கருத்தொற்றுமையோடுதான் நடக்கும். ஐந்து வருடம் கழித்து ஜெனீவாவிலிருந்து தோஹாவுக்கு வந்த வரைவில் கான்குனுக்குப் பிறகு பேச்சு நடக்கும் என்று இருந்தது, அந்தச் சொல்லைக் காணவில்லை. பொதுவாக இப்படிப்பட்ட வரைவுகளில், ஒப்புக்கொள்ளாத பகுதிகளைச் சதுர அடைப்புக்குள் போட்டு வைப்பார்கள். அடைப்பு இருந்தால் அங்கே சண்டை இன்னும் நடக்கிறது என்று பொருள். பொதுக்குழுத் தலைவராக இருந்த ஸ்டூவர்ட் ஹார்பின்சன் தன் பொறுப்பில் அனுப்பிய அந்த வரைவில் அடைப்புகளே இல்லை. சண்டையே நடக்காததுபோல வழுவழுப்பான காகிதம். மாறன் பொது அமர்வில் எழுந்து, எங்கள் கருத்து இதில் எங்கே, கலந்து பேசியதெல்லாம் வெறும் சடங்குதானா, விருப்பமில்லாதவர்களை நெருக்கித் தள்ளுகிறீர்களே என்ற பொருள்படப் பேசினார். அன்று நான் அதை மேடைப்பேச்சு என்று நினைத்தேன். கோலை வைத்துப் படித்த பிறகுதான் அது மெய்ப்புத் திருத்துகிறவரின் கோபம் என்று புரிந்தது. பல வருடம் பத்திரிகை ஆசிரியராக இருந்தவருக்கு, பக்கத்தில் இருக்கும் பிழையைவிட, இருந்து காணாமல் போன வரிதான் முதலில் கண்ணில் படும். மாநில சுயாட்சி பற்றிப் புத்தகம் எழுதுகிற அளவுக்கு அரசியல் சட்டத்தின் பிரிவுகளைக் கிண்டிப் பார்த்தவர் வேறு. அவர் பாதையில் வர்த்தகம் இல்லை என்று சொன்னேன்; காகிதம் முழுக்க இருந்திருக்கிறது.

தோஹாவின் கடற்கரைச் சாலையில், பிரமிடு போல நிற்கும் ஓட்டலில் மாநாடு. 13-ஆம் தேதி முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, விடிய விடியப் பேசினார்கள். அதற்குள் இந்தியாவோடு நின்ற நாடுகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. உயிர்காக்கும் மருந்துக்குக் காப்புரிமை தடையாகக் கூடாது என்ற பிரகடனம் கிடைத்தது. ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளுக்கு ஐரோப்பா கொடுத்துவந்த சலுகைக்கு விதிவிலக்கு கிடைத்தது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் புத்தி. 14-ஆம் தேதி கடைசி வரை நின்றது இந்தியா. கேட்டது ஒரு பெயரடை. வரைவில் நான்கு இடத்திலும் அது ஏறியது. அதோடும் மாறன் விடவில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மாநாட்டுத் தலைவரே எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும் என்றார். கத்தார் நிதியமைச்சர் யூசெப் ஹுசைன் கமால் நிறைவு அமர்வில் அதைப் படித்தார்: ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும், தான் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் வரை இந்தப் பேச்சுவார்த்தைகள் நடக்காமல் தடுக்கும் உரிமை உண்டு என்பதே தன் புரிதல். அதன் பிறகுதான் சுத்தியல் விழுந்தது. 142 நாடுகள் ஒரு கட்டடத்தில் காத்திருக்க, ஒரு சொல்லைப் போட வைத்து, அதற்குக் கோனார் உரையும் எழுத வைத்துவிட்டு எழுந்த ஒருவரை நான் அரிசிப்பை என்று கிண்டலடித்திருக்கிறேன்.

அந்தச் சொல் பலித்தது கான்குனில். பேச்சுத் தொடங்குவதே முடிவான விஷயம், வழிமுறைக்கு மட்டும்தான் ஒப்புதல் வேண்டும் என்று ஐரோப்பா இரண்டு வருடம் வாதாடிப் பார்த்தது. கத்தார் அமைச்சரின் அந்தப் பத்தி குறுக்கே நின்றது. தோஹாவில் எதிர்க்கத் தெம்பில்லாமல் விலகிய ஆப்பிரிக்க நாடுகள் இந்த முறை வாய் திறந்து மறுத்தன. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் மாறன் வாங்கிவைத்தது. 2003 செப்டம்பர் 14-இல் மாநாடு கலைந்தது. 2004-இல் நான்கில் மூன்று, தோஹாப் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவிக்கப்பட்டன. கான்குனில் இந்தியாவுக்காகப் பேசியவர் அருண் ஜெட்லி. மாறன் அப்போது நோய்ப்படுக்கையில் இருந்தார். நவம்பர் 23-இல் இறந்தார்.

இன்னும் செரிக்காத பகுதி

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்ல கதைதான். ஆனால் மூன்று போனது, நான்காவது போகவில்லை. அந்த நான்காவது, வர்த்தக நடைமுறைகளை எளிதாக்குதல், என் பிழைப்பு. சுங்கத்தில் காகிதங்களைக் குறைப்பது, எல்லாவற்றையும் முன்கூட்டியே கணினியில் தாக்கல் செய்வது, கட்டணங்களை வெளிப்படையாக அறிவிப்பது. இதை எதற்காக எதிர்க்க வேண்டும்? கார்பன் தாள் வைத்து ஷிப்பிங் பில் அடித்து, பேக்கிங் லிஸ்ட், படிவம் ஏ, கோட்டாச் சான்று என்று ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு, எந்த மேசையில் எந்த முத்திரை விடுபட்டதோ என்று துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டோடு நான் நின்ற மதியங்களுக்குக் கணக்கில்லை. ஒருமுறை முத்திரை ஒரு ஓரமாக மங்கலாக விழுந்தது என்று கப்பலைத் தவறவிட்டோம். சரக்கு விமானத்தில் போனது, அந்த ஆர்டரில் வந்த லாபம் அத்தனையும் விமானக்காரருக்கு.

அரசுத் தரப்பு அன்று சொன்ன காரணம் எனக்குத் தெரியும். எளிதாக்குவது நல்லது, நாமே செய்துகொள்வோம். அதை ஒப்பந்தமாக்கினால் செய்ய முடியாத ஏழை நாட்டின் மேல் வழக்குப் போடுவார்கள். சரிதான். ஆனால் 'நாமே செய்துகொள்வோம்' என்பது நம்மூரில் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? 2013 டிசம்பரில் பாலி மாநாட்டில் அந்த ஒப்பந்தம் தயாரானது. 2014 ஜூலையில், உணவு தானியக் கையிருப்புக்கு நிரந்தரத் தீர்வு வேண்டும் என்று இந்தியா மறுபடியும் கையெழுத்தை நிறுத்திவைத்தது. அப்போது வர்த்தக அமைச்சர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். அந்த நவம்பரில் சமாதானமாகி, 2016-இல் இந்தியா ஏற்று, 2017 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் நிலைப்பாட்டுக்கும் என் கால்வலிக்கும் நடுவில் நின்று பார்த்தால், அந்த இடைப்பட்ட வருடங்களுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. பேச்சுவார்த்தை மேசையில் நான்கையும் ஒரே கயிற்றில் கட்டினால்தான் மூன்றை அறுக்க முடியும் என்பதும் புரிகிறது. கட்டப்பட்ட நான்காவது நான்தான் என்பதையும் மறக்க முடியவில்லை.

கோட்டாவோ, சொன்ன தேதியில், 2005 ஜனவரி 1-இல், ஒரு சத்தமும் இல்லாமல் போனது. அன்று காலை அலுவலகத்தில் பீரோவைத் திறந்து பழைய சான்றுகளைப் பார்த்தோம். முந்தைய வாரம் வரை தங்கம். இப்போது பின்பக்கம் எழுத உதவும். அதற்காக மாறன் தோஹாவில் கூடுதலாக எதையும் வாங்கி வரவில்லை, உண்மை. வாங்கி வந்திருந்தால் எங்களுக்கு மூன்று வருடம் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும். அவர் நிறுத்திவைத்ததோ இன்றுவரை நீள்கிறது: 2024 பிப்ரவரி கடைசியில் அபுதாபியில் கூடிய மாநாட்டில், 120-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து கொண்டுவந்த முதலீடு தொடர்பான ஒப்பந்தத்தை இந்தியா ஏற்கவில்லை. எடுத்துவைத்த வாதங்களில் ஒன்று, வெளிப்படையான கருத்தொற்றுமை இல்லை என்பது.

இதையெல்லாம் அன்றிரவே சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் பரணிலிருந்து அந்த அச்சுத்தாள்களை எடுத்து அவளிடம் கொடுத்தேன், கோலையும் சேர்த்து. நான் சொன்ன எதையும் அவள் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. 20-ஆம் பத்தியிலிருந்து 23-க்கும், 26-க்கும், 27-க்கும் தாவினாள். பென்சிலால் நான்கு இடத்திலும் ஒரு சிறு கோடு போட்டாள். பிறகு, "சித்தப்பா, இதில் 'முடிவு' என்பது எதைப் பற்றியது? தொடங்குவதையா, தொடங்கும் முறையையா? இது வேண்டுமென்றேதான் இப்படி எழுதப்பட்டிருக்கிறது" என்றாள். லாமியின் வாதத்தை அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. சென்ற திங்கட்கிழமை சேர்ந்தாள். இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி: "முதல் நாள் வேலை, நாற்பது பக்க வரைவு ஒன்றைக் கொடுத்து அடைப்புக்குறிகளை எண்ணச் சொன்னார்கள்." எத்தனை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"போன வரைவில் இருந்து இதில் இல்லாதவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், சித்தப்பா. தூங்குங்கள்."